கண்டக்டர் முகத்தில் மூன்று விளக்குகள்

செப்டம்பர் 4, வியாழன்

இன்று கடையில் வைத்து அவமானப்பட்டேன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற உமையொருபாகம் அண்ணாச்சிக்குப் போன வாரம் பென்ஷன் வேலைக்காகப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக் கொடுத்திருந்தேன். சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். முகம் முழுக்கத் தழும்பு. அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிற எவனும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கம்ப்யூட்டரில் தழும்பையெல்லாம் வழித்தெடுத்து, கன்னத்தைப் பிசைந்த மைதா மாவு மாதிரி ஆக்கி, நிறத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். வங்கியில் “ஆளு வேற, படம் வேற” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

படத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மகள் வந்தாள்.

“எங்கப்பாவைப் படம் எடுக்க அனுப்புனோம். நீங்க எடுத்தது யாரை?”

“டச்சப் பண்ணியிருக்கேங்க. எல்லாரும் இப்பிடித்தான் கேப்பாவ.”

“நாங்க கேக்கல. எங்கப்பாவைத் திருப்பிக் குடுங்க.”

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் சிரித்தார்கள். டச்சப் செய்யாத படத்தை அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

பெயர் குழல்வாய்மொழி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சைக்கிளில் வருகிறாள். இதெல்லாம் எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. பில்லுக்குப் பெயர் தேவைப்படும்.

செப்டம்பர் 6, சனி

வெளிநாட்டுக்காரன் ஒருவன் வயதான மீனவர்களை எடுத்த படங்களை இணையத்தில் பார்த்தேன். ஒரே மூச்சில் பார்த்து முடித்தேன். சோறு ஆறிப்போனது. அம்மா திட்டினாள்.

விஷயம் இதுதான். எடுக்கப்படுபவர் முதுகுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு விளக்கு. நெற்றிக்கு மேலே ஒன்று. பின்னால் கறுப்புத் துணி. பக்கவாட்டில் இருந்து வருகிற வெளிச்சம் தோலை உரசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு சுருக்கமும் எழுந்து நிற்கிறது. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மேட்டை இன்னும் வெளிச்சமாக்கி, பள்ளத்தை இன்னும் இருட்டாக்கி, நிறத்தைக் கொஞ்சம் வடித்துவிடுகிறான். நேரில் பார்ப்பதைவிட நிஜமாக இருக்கிறது முகம். வியர்வைத் துளிகூடத் தனியாக நின்று நம்மைப் பார்க்கிறது.

பன்னிரண்டு வருடமாக நான் இந்த ஊர்க்காரர்களின் முகத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன். இனிமேல் இல்லை. இப்படி ஒரு படம் எடுத்துக் கடை முகப்புக் கண்ணாடிக்குள் பெரிதாக மாட்டப் போகிறேன். அதற்கு உமையொருபாகம் அண்ணாச்சியின் முகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இது முழுக்க முழுக்கக் கலை சம்பந்தப்பட்ட முடிவு.

செப்டம்பர் 8, திங்கள்

விளக்கு எப்படி விழுகிறது என்று பழக, மேடு பள்ளம் உள்ள பொருளாகப் பார்த்து ஒரு பெரிய பாகற்காயை ஸ்டூலில் நிறுத்திவைத்து எடுத்தேன். வியர்வைக்குக் கிளிசரினும் தண்ணீரும் கலந்து தெளித்தேன். பிரமாதம். பாகற்காய் இருபது வருடம் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியது மாதிரி இருந்தது. நாளைக்கு இடது விளக்கை இறக்கிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாடலை அம்மா குழம்பு வைத்துவிட்டாள். கிளிசரின் விஷயத்தை நான் சொல்லவில்லை. நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை. வேறு சட்டை காயவில்லை.

“படமா? வேண்டாம் வேய்” என்றார். இன்றைக்கும் சட்டைப் பையில் விசில் வைத்திருக்கிறார். “நான் படத்துக்கு நிக்கதை விட்டு ரொம்ப காலமாச்சு. எங்க கல்யாண ஆல்பத்தைப் பாத்திருக்கீரா? இந்தா, இவ பக்கத்துல எவனோ ஒருத்தன் மாலையும் கழுத்துமா நிக்கான். நாப்பது வருசமா யாருன்னே தெரியல.”

அவர் மனைவி ஆவுடையம்மாள் ஆல்பத்தை எடுத்துவந்து காட்டினார். உண்மைதான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷை வைத்து முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். எங்கள் தொழிலே சேர்ந்து இந்த மனுஷனுக்கு முகம் கிடையாது என்று தீர்மானம் போட்டிருக்கிறது. எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்தது.

“நான் ஒரு தழும்பைக்கூட எடுக்க மாட்டேன் அண்ணாச்சி. ஒவ்வொண்ணையும் இன்னும் தூக்கிக் காட்டுவேன்.”

“அது இதைவிட மோசமால்லா இருக்கு” என்றார் அவர்.

உள்ளே இருந்து குழல்வாய்மொழி, “எடுக்கட்டும்பா. புடிக்கலன்னா கிழிச்சுப் போட்டுருவோம்” என்றாள். என் கலைக்குக் கிடைத்த முதல் ஆதரவு.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று விளக்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் வீட்டு முன்னறையில் வைத்து எடுத்தோம். தெர்மகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட ஆள் வேண்டும். குழல்வாய்மொழி பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுத்துப் பழகிய கை என்பதால் ஆடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமா கொஞ்சம் ஆடினார். முகத்தில் கிளிசரின் தண்ணீரைத் தெளித்ததும் மூக்கு அரிக்கிறது என்று எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். மூன்று தடவை.

வெளிச்சம் சரியாக அமையவில்லை. புதன்கிழமை மறுபடி எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் வெளிச்சம் முழுத் திருப்தி இல்லை. அட்டையை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் என்று குழல்வாய்மொழியை நகர்த்திக்கொண்டே வந்ததில் அவள் கிட்டத்தட்ட என் பக்கத்தில் வந்துவிட்டாள்.

“அட்டை இங்க இருந்தா வெளிச்சம் உங்க மூஞ்சிலதான் அடிக்கும்” என்றாள். தொழில் நுணுக்கம் வேகமாகப் பிடிபடுகிறது அவளுக்கு.

மாமா திடீரென்று, “ஏம்வே, போன வாரம் வரைக்கும் அண்ணாச்சி அண்ணாச்சின்னு கூப்புட்டேரு. ஞாயித்துக்கிழமையில இருந்து மாமாங்கேரே, என்ன விசயம்?” என்று கேட்டார்.

வயதுக்கு மரியாதை என்றேன். “ஓகோ” என்றார். ஆவுடையம்மாள் அடுக்களைக்குள் போய் வெகுநேரம் இருமினார்கள்.

செப்டம்பர் 20, சனி

படத்தைச் செதுக்கி முடித்துவிட்டேன். மூன்று நாள் வேலை. ஒவ்வொரு தழும்புக்கும் ஒரு விளிம்பு வெளிச்சம், அடியில் ஒரு நிழல். புருவத்தில் நரைத்த முடியை ஒன்றொன்றாகத் தெளிய வைத்தேன். கண்ணில் மூன்று விளக்கும் மூன்று புள்ளியாகத் தெரிகின்றன. பின்னால் கன்னங்கரேலென்ற இருட்டு. பஸ்ஸில் நூறு பேருக்கு நடுவில் நின்று சில்லறை கேட்ட மனுஷன், இருட்டுக்குள் இருந்து ஒரு அடி முன்னால் வந்து நம்மிடம் டிக்கெட் கேட்கிற மாதிரி இருக்கிறார்.

பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். மாமா பார்த்தார். படத்தின் கன்னத்தில் ஒரு பள்ளத்தில் விரலை வைத்தார். பிறகு தன் கன்னத்தில் அதே இடத்தைத் தேடி விரலை வைத்தார். எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

“அப்பா ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு அர்த்தம். கடையிலேயே மாட்டிக்கோங்க” என்றாள் குழல்வாய்மொழி. வாசல் வரைக்கும் வந்தாள். “விசயதசமி அன்னைக்கு என்னைப் பொண்ணு பாக்க வாராவ. பாளையங்கோட்டை. மாப்பிள்ளை இன்ஜினியராம். அப்பாதான் பேசி முடிச்சிருக்காவ” என்றாள். பிறகும் அங்கேயே நின்றாள்.

ரொம்ப சந்தோஷம் என்றேன். பைக்கைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பஞ்சர் எதுவும் இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

முகப்புக் கண்ணாடிக்குள் ஏழு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்த மணப்பெண்ணை இறக்கிவிட்டு மாமாவை ஏற்றினேன். யாரும் நின்று பார்க்கவில்லை. ஒரே ஒருவர் நின்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாளையங்கோட்டைக்காரனின் படத்தை எப்படியோ பார்க்க நேர்ந்தது. நான் தேடிப் போகவில்லை. ஃபேஸ்புக்கில் இரண்டு மணி நேரத்தில் தானாக வந்துவிட்டது. முகத்தில் ஒரு ரோமக்கால்கூட இல்லை. டச்சப் செய்தவன் கத்துக்குட்டி. கழுத்து வேறு நிறம்.

அக்டோபர் 1, புதன் — ஆயுத பூஜை

கலைக்கு இந்த ஊரில் மதிப்பு இல்லை என்று நான் நினைத்ததை வாபஸ் வாங்குகிறேன்.

காலையில் அம்மா வந்து வழக்கம்போல் கடையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கேமரா, மூன்று விளக்கு, கம்ப்யூட்டர், பிரிண்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. மவுசுக்குத் தனியாக ஒரு பொட்டு. மாலை ஒன்று மிச்சமிருந்தது. “ஏல கோமதி, வாசல்ல இருக்கவரை மட்டும் சும்மா விடலாமா? நம்ம கடைக்கு இப்ப அவருதான லெச்சுமி” என்று என்னிடம் சொல்லி மாமா படத்துக்கு ரோஜா மாலை போட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் ஒரு விளக்கும் ஏற்றி, வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்திவிட்டுப் போனாள். கறுப்புப் பின்னணிக்குச் சிவப்பு மாலை நன்றாகவே எடுத்தது.

பூஜையில் வைத்த கேமராவை இன்று தொடக் கூடாது. எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு பெரியவர். படத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். துண்டைத் தோளில் இருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு இரண்டு பெண்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அரை மணி நேரத்தில் இருபது பேர். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள்! கை கூப்புகிறார்கள்! பாபநாசம் பஸ் கடை வாசலில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, ஹாரனை நீளமாக ஒரு தடவை அடித்து, கொஞ்ச நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு எடுத்தார். பயணிகள் ஜன்னலில் எல்லாம் முகம்.

ஒருவர் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நேத்துக்கூடப் பாத்தேனே” என்றார். “நேர்ல பாக்கதைவிட இதுல உயிரோட்டம் அதிகம்” என்றேன் அடக்கமாக. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போனார். ஒரு படம் ஒரு மனுஷனை அழவைக்கிறது. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

அதே நாள், மாலை

குழல்வாய்மொழியிடம் இருந்து போன்.

“எங்கப்பாவை எதுக்குக் கொன்னீங்க?”

மத்தியானத்தில் இருந்து அப்பா செத்துப்போனதாக நினைத்து அவர்கள் வீட்டுக்குத் துட்டி கேட்க ஆள் வந்துகொண்டே இருக்கிறதாம். முதலில் வந்தது பஸ் டிப்போவில் வேலை பார்த்த பழைய சிநேகிதர்கள், ஆளுயர மாலையோடு. ஆவுடையம்மாள் கதவைத் திறந்திருக்கிறார்.

“அண்ணனைப் பாக்க வந்தோம் மைனி.”

“உள்ள தூங்குதாவ.”

“ஆமா மைனி, தூங்குத மாதிரியே போயிட்டாராமே” என்று சொல்லிவிட்டு அத்தனை பேரும் முற்றத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்கள். அழுகைச் சத்தத்தில் தூக்கம் கலைந்து மாமா எழுந்து வந்து, “எவன்வே செத்தது?” என்று கேட்டிருக்கிறார். முன்னால் உட்கார்ந்திருந்தவர் மயங்கிவிட்டார். அவருக்குக் குழல்வாய்மொழிதான் ரத்த அழுத்தம் பார்த்தாளாம்.

ஓடிப் போய் மாலையைக் கழற்றினேன். விளக்கை அணைத்தேன். வாழைப்பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன் — விஜயதசமி

பாளையங்கோட்டைக்காரர்கள் முக்கூடல் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விட்டார்கள். வழியில் டீ குடிக்க இறங்கிய இடத்தில் எவனோ, “கண்டக்டர் வீட்டுக்கா? துட்டிக்குப் போறவுக பட்டுச் சேலையா கட்டியிருக்கீக?” என்று கேட்டிருக்கிறான். மாமா போனை வாங்கி, “நான் உயிரோடதான் இருக்கேன்” என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் தாயார், இருக்கட்டும், ஆனாலும் சகுனம் சரியில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

ஒரு நல்ல சம்பந்தம் என்னால் கெட்டுப்போனது. மனசே சரியில்லை. அம்மா செய்த கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாமா வந்து நின்றார். தெருவில் போகிறவர்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் காலில் விழுகிற மாதிரி போய் நின்றேன்.

“தெரியாம நடந்துபோச்சு மாமா. அம்மா ஒரு நல்லெண்ணத்துல…”

“இரும்வே.” ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். “ஓடுத பஸ்ஸுல இருந்து, ஜன்னல் வழியா, அத்தனை பேருக்கும் அடையாளம் தெரிஞ்சிருக்கு. என்ன?”

“ஆமா மாமா.”

“ஒருத்தனும் இது யாருன்னு கேக்கல.”

“கேக்கல மாமா.”

“முப்பத்தி மூணு வருசம் அந்த ரோட்டுல பஸ்ஸுல நின்னேன். எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துட்டு டக்குனு சில்லறையத்தான் பாப்பானுவ. முந்தாநாள்தான் நின்னு பாத்திருக்கானுவ. முத்தத்துல உக்காந்து என்னை நல்லவன்னு வேற சொன்னானுவ. அதுல ரெண்டு பேரு நான் பஸ்ஸ விட்டு இறக்கிவிட்டவனுவ.” மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இதில் மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

பிறகு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“அது இருக்கட்டும். வந்த மாப்பிள்ளையத் திருப்பி அனுப்பிட்டீரு. எம்மவகிட்ட வேற இடம் பாக்கட்டுமான்னு கேட்டேன். தெர்மகோல் புடிச்சுக் கை வலிக்கி, இப்ப ஒண்ணும் பேசாதீங்கன்னு சொல்லுதா. ஒரு மூஞ்சிய எடுக்க ரெண்டு நாளு எந்த ஊர்லயும் ஆவாதுன்னு எனக்கும் தெரியும். உம்ம படம் ஒண்ணு கொண்டாரும். மாப்பிள்ளை படம் பாக்காம நாங்க முடிவு சொல்ல மாட்டோம். அதே மூணு வெளக்கு. அதே கறுப்புத் துணி. பாப்போம்.”

அக்டோபர் 5, ஞாயிறு

என்னை நானே எடுக்க முடியாது என்பதால் குழல்வாய்மொழி வந்து கேமராவை அழுத்தினாள். துணைக்கு ஆவுடையம்மாள் வந்தார்கள்; வந்ததும் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த ஸ்டூலில் உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் வெளிச்சம் காதை எரிக்கிறது. கிளிசரின் உண்மையிலேயே அரிக்கிறது.

“தாடையை இறக்குங்க. இன்னும். இங்க பாருங்க. என்னை இல்ல, லென்ஸை.”

அக்டோபர் 6, திங்கள்

படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மூடிவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தேன். யார் இந்த ஆள்?

சிறு சிறு தூசிகளை மட்டும் எடுத்தேன். தொழில்நுட்பக் காரணங்களுக்காக ஒன்றிரண்டு திருத்தங்கள். எல்லா ஸ்டுடியோவிலும் செய்வதுதான். வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

மாமா படத்தைப் பார்த்தார். மகளிடம் நீட்டினார். அவள் நிதானமாகப் பார்த்தாள். நுண்ணோக்கியில் ரத்தம் பார்க்கிறவள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

“மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு” என்றாள். “ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு உண்டு. அவருக்கு இடது காது வலதைவிடப் பெருசு. வெளிய கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கும். மூக்கு நுனி ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். மோவாய்க்குக் கீழ சவரக் கத்தி பட்ட கோடு ஒண்ணு. முன்னந்தலையில முடி கொட்டிப்போயி, அதை மறைக்க இந்தப் பக்கத்து முடியை இழுத்து விட்டிருப்பாரு, ஃபேன் காத்துல அது எந்திரிச்சு நிக்கும். கேமராவுல கண்ணை வைக்கும்போது நாக்கைக் கடிப்பாரு. இவருக்கு அதெல்லாம் ஒண்ணையும் காணோம்.”

அந்த இரண்டு நாளும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் அம்மாவுக்குக்கூட அந்தக் கத்திக் கோடு தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதிவைக்கிறேன்.

மாமா சட்டத்தைத் திருப்பி என் கையில் வைத்தார். “சொன்னதெல்லாம் நெஞ்சுல ஏறிச்சா? போயி எடுத்ததை எல்லாம் எடுத்த இடத்துல வச்சுட்டு நாளைக்கு வாரும். வெத்தல பாக்கு அப்புறம் பேசுவோம்.”

அக்டோபர் 8, புதன்

எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன். காது, மூக்கு, கோடு, வழுக்கை. முந்தாநாள் எடுத்துப்போட்ட ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. மேட்டுக்கு வெளிச்சம், பள்ளத்துக்கு நிழல், அவருக்குச் செய்த அதே மரியாதை. அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

குழல்வாய்மொழி படத்தைக் கையில் வாங்கினாள். காதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு முகத்தைச் சுளித்துக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

“கன்னத்துல இது என்ன, மரு? உங்களுக்கு அங்க மரு கிடையாதே.”

பார்த்தேன். கேமராவுக்குள் கிடந்த தூசி. அதற்கும் ஒரு விளிம்பு வெளிச்சமும் அடியில் ஒரு நிழலும் கொடுத்து அருமையாகச் செதுக்கியிருந்தேன்.

மறுபடி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கையை நீட்டினேன். மாமா அதை மகள் கையில் இருந்து வாங்கிக்கொண்டார்; தரவில்லை. ஆணி அடிக்கச் சுவரில் இடம் பார்த்துக்கொண்டே, “கெடக்கட்டும்வே. தையில கல்யாணத்த வச்சுக்கிடுவோம். அதுக்குள்ள மரு வந்துரும்” என்றார்.